கிட்டியின் மீசை கரைந்த கதை

ஜூன் மாதம் அட்டனில் ஒரே மழை, மூட்டம். பிள்ளைகள் வெளியே போக வழியில்லை. மகளுக்கும் தம்பியின் மகனுக்கும் ஹலோ கிட்டி படங்களை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன். கலர் பேனை பட்டதுமே கறுப்புக் கோடு கரைந்து ரோஸ் ரிபனில் ஊறியது. "அம்மா, பூனைக்கு மீசை அழியுது!" என்று ஒரே அழுகை.

முதலில் பேனையைத்தான் திட்டினேன். பிறகுதான் விளங்கியது: அந்த பிரிண்டர் மை தண்ணீரில் கரையக்கூடியது. போட்டோ கொப்பி மெஷினில் இருப்பது டோனர். சூட்டில் உருகித் தாளில் ஒட்டும் பிளாஸ்டிக் தூள், ஈரம் பட்டால் கலையாது. டவுனில் ஒரு படத்தைப் பத்துக் கொப்பி எடுத்தேன். கோடு அசையவில்லை.

ஆனால் தாள் நமத்துப் போயிருந்தது. இந்த மூட்டத்தில் உப்பே கசிகிறது, தாள் என்ன செய்யும்? இப்போது தாள்களை பிஸ்கட் டின்னில் மூடி வைக்கிறேன். பூனைக்குப் பெஸ்டல், வானத்துக்கு மட்டும் வோட்டர் கலர். பெஸ்டலின் மெழுகில் தண்ணீர் ஒட்டாததால் வானம் பூனைமேல் ஏறுவதில்லை.

கிட்டி 1974இல் ஜப்பானின் சன்ரியோ கம்பனியில் பிறந்தவள். அவளுக்கு வாயே வரையவில்லை. மருமகனுக்கு அது பொறுக்கவில்லை.

"வாயில்லாட்டி எப்படி மாமி ரொட்டி சாப்பிடும்?"

பத்துக் கொப்பிக்கும் சிவப்புப் பெஸ்டலில் வாய் போட்டுவிட்டான், பல்லோடு.