ஸ்மால் செல்லிலிருந்து மேக்ரோவுக்கு: அழைப்பு அறுபடாமல் ஹேண்டோவர் செய்ய வழிமுறை

கும்பகோணத்தின் கடைத்தெருவில் சிறு பரப்புக்கு மட்டும் சிக்னல் தரும் ஒரு ஸ்மால் செல்லைப் பொருத்துவது எளிது. அதைவிட்டு வெளியேறுபவரின் அழைப்பை அறுபடாமல், பரந்த பகுதிக்குச் சிக்னல் தரும் மேக்ரோ டவரிடம் ஒப்படைப்பதுதான் (ஹேண்டோவர்) கடினம். 4ஜி வலையமைப்பில் அதைச் சீர்செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் பிசிஐ எண்களை, அதாவது கைபேசி ஒவ்வொரு செல்லையும் அடையாளம் காணும் எண்களை, சரிபாருங்கள். 4ஜியில் இவை 504 மட்டுமே என்பதால் ஒரே எண்ணைப் பல செல்களுக்குக் கொடுக்க நேர்கிறது. குன்றுகள் குறுக்கிடாத டெல்டாவில், வயல்களைத் தாண்டித் தொலைதூர டவரின் சிக்னலும் வந்து சேரும். ஒரு மேக்ரோ செல்லின் அண்டையில் ஒரே எண்ணுடன் இரண்டு செல்கள் இருந்தால், அழைப்பு தவறான செல்லுக்குப் போய்விடும். இதைத் திருத்தாமல் மற்ற அமைப்புகளைத் தொடுவது வீண் வேலை.

அடுத்து, தோல்விகளைத் திசைவாரியாகப் பிரியுங்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் இயங்கினால், பெரும்பாலும் ஸ்மால் செல்லிலிருந்து மேக்ரோவுக்குப் போகும் திசையில்தான் அழைப்புகள் அதிகம் அறுபடும். மேக்ரோ 40 வாட் அளவிலும் ஸ்மால் செல் 1 வாட் அளவிலும் ஒலிபரப்புவதால், தெருமுனை திரும்பியதுமே சிறியதன் சிக்னல் சரிந்து, பெரியதன் சிக்னல் இடையூறாக அதன்மேல் கவிந்துவிடுகிறது. ஹேண்டோவர் கட்டளையை அனுப்ப வேண்டியது பழைய செல்தான் என்பதால், சற்றே தாமதித்தாலும் அந்தக் கட்டளை கைபேசியை எட்டாமல் போகலாம்.

ஆகவே இரு திசைக்கும் ஒரே டைம்-டு-டிரிகர் (புதிய செல்லின் சிக்னல் மேலோங்கியபின் அதை அறிவிக்குமுன் கைபேசி காத்திருக்கும் நேரம்) வைப்பதை நான் ஏற்பதில்லை. ஏ3 நிகழ்வுக்கு (அண்டை செல்லின் சிக்னல் இப்போதைய செல்லைவிட ஒரு குறித்த அளவு, அதாவது ஆப்செட், கூடுவது) மேக்ரோவில் 480 மில்லிவினாடி, 3 டெசிபல் ஆப்செட் என்றும், ஸ்மால் செல்லில் 160 மில்லிவினாடி, 1 டெசிபல் என்றும் தொடங்கிப் பாருங்கள். தஞ்சாவூர்ச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து 480 மில்லிவினாடியில் 8 மீட்டர் கடந்துவிடும். 160 மில்லிவினாடியில் 3 மீட்டருக்கும் குறைவாகவே கடக்கும். இரு திசை ஆப்செட்டுகளின் கூட்டுத்தொகை மட்டும் பூஜ்ஜியத்தை நெருங்கக் கூடாது. நெருங்கினால் கைபேசி இரண்டுக்கும் இடையே பிங்-பாங் ஆடத் தொடங்கும்.

மயிலாடுதுறை ரயில் பாதையை ஒட்டிய ஸ்மால் செல்லுக்கு, முடிந்தால் தனி அலைவரிசை கொடுங்கள். ஒரே அலைவரிசையில் வைத்துக்கொண்டு கைபேசி அந்த ஸ்மால் செல்லுக்குள் நுழைவதை மட்டும் தள்ளிப்போட்டால், அதன் சிக்னலே ரயில் பயணியின் மேக்ரோ இணைப்பை அறுத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, வாகனத்தில் சுற்றிச் சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட் எடுத்து, ‘மிகத் தாமதம்’, ‘மிக முன்னதாக’, ‘தவறான செல்’ என்ற மூன்று வகை ஹேண்டோவர் தோல்விகளின் கணக்குகளையும் ஒப்பிடுங்கள். தாமதம் குறைந்து மற்ற இரண்டும் ஏறினால், டைம்-டு-டிரிகரை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். மாசி மகத்தன்று மகாமகக் குளத்தைச் சுற்றிக் கூட்டம் நெரியும்போது வரும் தோல்விகளைத் தனியே வையுங்கள். அன்று இலக்கு செல்லில் இடமில்லாமல் தயாரிப்புக் கட்டத்திலேயே கோரிக்கை மறுக்கப்படக்கூடும், அதற்குத் தேவை கூடுதல் கொள்ளளவே.