பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது? பார்க்கும்போது நாம் விடும் தவறுகள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டதாகச் சொன்னார்களே, அந்த நாள்தான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அம்மாவின் போன் 46 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீடியோ கோல் எடுத்தார், நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது, திரை கறுத்துப் போய்விட்டது. திரும்பப் போட்டால் 3 சதவீதம்.

"போன கிழமைதானே தம்பி கடையில பார்த்து பற்றரி நல்லம் என்று சொன்னவங்கள்" என்றார் அம்மா. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. *#*#4636#*#* என்று அடித்து, வந்த திரையில் ஹெல்த் என்ற இடத்தில் 'குட்' என்று இருந்ததைக் காட்டியிருக்கிறார். கொழும்பில் அநேகமானோர் பற்றரியைப் பார்க்கும் முறையே இதுதான், முதல் தவறும் இதுதான். அண்ட்ரொய்டில் அந்த 'குட்' என்ற சொல்லுக்கும் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை. பற்றரி அளவுக்கு மீறிச் சூடாகவில்லை, குளிர்ந்து போகவில்லை, வோல்டேஜ் எகிறவில்லை, செத்தும் போகவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். பாதிக் கொள்ளளவு போன பற்றரிக்கும் அது 'குட்' என்றே காட்டும். புதிய போன்கள் பலவற்றில் அந்தப் பகுதியே வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் கவனிப்பதில்லை. பற்றரி இரண்டு விதமாகத் தேய்கிறது. ஒன்று கொள்ளளவு குறைவது, அதாவது தண்ணீர்த் தொட்டி சின்னதாகிப் போவது மாதிரி. மற்றது உள்ளே மின்தடை கூடுவது, குழாய் அடைபடுவது மாதிரி. தொட்டியில் தண்ணீர் இருக்கும், ஆனால் நாம் ஒரேயடியாகக் கேட்கும்போது வராது. கமராவும் திரையும் சிக்னலும் சேர்ந்து சக்தியை இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் சட்டென்று விழுகிறது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. அம்மாவுக்கு நடந்தது அதுதான். ஐபோன் 6, 6எஸ், 7 காலத்தில் இப்படி அணையாமல் இருக்கத்தான் அப்பிள் போனின் வேகத்தைக் குறைத்தது, 2017 டிசம்பரில் அதற்காக மன்னிப்பும் கேட்டது, பிறகு பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 ஆக இறக்கியது. ஆகவே சதவீத எண் ஒன்றை மட்டும் பார்த்து இரண்டு வகைத் தேய்மானத்தையும் அறிய முடியாது. போனை 40 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, சார்ஜரில் போடாமல், வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி வீடியோ ஒன்றைப் பத்து நிமிஷம் பதிவு செய்யுங்கள். 39, 38, 37 என்று படிப்படியாக இறங்கினால் பரவாயில்லை. 39இலிருந்து 31, அங்கிருந்து 22 என்று பாய்ந்தால் செட்டிங்ஸில் எந்த எண் இருந்தாலும் அந்தப் பற்றரியை நம்ப வேண்டாம்.

அப்புறம் செயலிகள். அக்யுபேட்டரி மாதிரியானவை நல்லவைதான், நானும் பாவிக்கிறேன், ஆனால் போட்ட அன்றே வரும் எண்ணைப் பார்த்து ஆட்கள் பயந்துவிடுகிறார்கள். அது கணக்குப் பார்க்கும் விதம் எளிது: சார்ஜ் ஏறும்போது எத்தனை எம்.ஏ.எச் (மில்லி அம்பியர் மணி, பற்றரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) உள்ளே போனது, சதவீதம் எவ்வளவு கூடியது, இரண்டையும் வைத்து முழுக் கொள்ளளவை ஊகிக்கிறது. 5000 எம்.ஏ.எச் போன் ஒன்று 20இலிருந்து 90 வரை ஏறும்போது 2940 உள்ளே போனால், முழுசாக 4200, அதாவது 84 சதவீதம். இதே போனை 80இலிருந்து 90 வரை மட்டும் ஏற்றினால் 420தான் போகும். திரையில் தெரியும் சதவீதம் ஒன்றே ஒன்று முன்பின்னாக இருந்தால் போதும், விடை 93 என்றும் வரும், 76 என்றும் வரும். ஒரே பற்றரி! அதனால் துண்டு துண்டாக ஏற்றியதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 20க்குக் கீழிருந்து 90க்கு மேல் வரை, திரையை அணைத்து, நாலைந்து தடவை ஏற்றி, வருவதன் சராசரியைப் பாருங்கள். செயலியில் உங்கள் போனின் ஆரம்பக் கொள்ளளவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது சில வேளை பிழையாக எடுக்கும். சில வேகச் சார்ஜ் போன்களில் இரண்டு செல்கள் தொடராக இருப்பதால் பாதிதான் காட்டும், அதைப் பார்த்துப் பற்றரி பாதியாகிவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம்.

ஆரம்பக் கொள்ளளவிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டியில் பெரிதாகப் போடும் எண் சராசரி மதிப்பு, கீழே சின்ன எழுத்தில் வருவது உறுதியளிக்கும் குறைந்த மதிப்பு. கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் அவை 5000, 4855. அப்போ புத்தம் புதிய போனே 97 காட்டலாம், அது தேய்மானமல்ல.

இப்போது யூ.எஸ்.பி மீட்டர் கலாசாரம் வேறு வந்திருக்கிறது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் அந்தச் சின்னப் பெட்டி பயனுள்ளது, ஆனால் அதில் வரும் எம்.ஏ.எச்சைப் போனின் எம்.ஏ.எச்சோடு நேராக ஒப்பிடுவது பிழை. போனுக்குள் செல்லின் வோல்டேஜ் சுமார் 3.85, வெளியில் சார்ஜர் தருவது 5 அல்லது 9. 5000 எம்.ஏ.எச்சை அந்த 3.85ஆல் பெருக்கினால் 19.25 வாட் மணி, அதுதான் உள்ளே இருக்கும் சக்தியின் அளவு. இதே சக்தி 5 வோல்டில் போனால் மீட்டர் 3850 என்று காட்டும், 9 வோல்டில் போனால் 2140க்குக் கிட்ட. எனக்குத் தெரிந்த ஒருவர் 9 வோல்டில் ஏற்றிவிட்டு நல்ல பற்றரி ஒன்றைக் கழற்றி எறிந்தார், அந்த மனவருத்தத்தில்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மீட்டரில் வாட் மணியை மட்டும் பாருங்கள், போனை அணைத்துவிட்டு ஏற்றுங்கள், சூடாகி வீணாகும் பங்கும் அதற்குள் இருப்பதால் வரும் எண் உண்மையைவிடச் சற்றுக் கூடவே இருக்கும்.

ஐபோன்காரர்களின் தவறு வேறு மாதிரி. செட்டிங்ஸில் பற்றரி ஹெல்த் பக்கத்தில் வரும் சதவீதத்தை டொக்டர் எழுதித் தந்த ரிப்போர்ட் போல எடுத்துக்கொள்கிறார்கள். அது போன் போடும் ஊகம், ஊகம் பிழைக்கும். ஐபோன் 11 வரிசையில் அந்த எண் பிழையாக வந்ததால் 2021இல் ஐஓஎஸ் 14.5 ஊடாக அப்பிளே திரும்பக் கணக்கிட வைத்தது. அதோடு 80 என்றதும் போன் முடிந்தது என்று நினைப்பது. ஐபோன் 14 வரையான போன்களுக்கு 500 முழுச் சுற்றிலும், 15இலிருந்து வந்தவற்றுக்கு 1000 சுற்றிலும் 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக அப்பிள் சொல்கிறது. சுற்று என்றால் சார்ஜில் போடும் தடவை அல்ல. இன்று 50, நாளை 50 பாவித்தால் இரண்டு நாளும் சேர்த்து ஒரு சுற்று. 81இல் நன்றாக ஓடிய போன் 79இல் செத்துவிடாது. உங்களுக்கு மாலை வரை தாங்குகிறதா, திடீரென்று அணைகிறதா, இவைதான் கேள்வி.

பழைய போன் வாங்குபவர்களுக்கு இது முக்கியம். பம்பலப்பிட்டியோ புறக்கோட்டையோ, எந்தக் கடையிலும் 100 சதவீதம் என்று காட்டும் பழைய ஐபோனைக் கண்டால் சந்தோஷப்பட முதல் கொஞ்சம் நில்லுங்கள். நான் ஒருமுறை அப்படியொன்று வாங்கினேன். ஆறு வாரத்தில் 100 அப்படியே இருந்தது, போன் மட்டும் மத்தியானத்துக்கே படுத்தது. பற்றரியின் சின்னச் சிப்பில் இருக்கும் அந்த எண்ணை மாற்றி எழுதும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. ஜெனரல், அபௌட் என்று போனால், ஐஓஎஸ் 15.2இலிருந்து பாகங்களின் வரலாறு வரும். பற்றரி மாற்றியிருந்தால் அது அசல் பாகமா, அடையாளம் தெரியாத பாகமா என்று சொல்லும். மாற்றியது குற்றமில்லை, அதை மறைத்து 100 என்று விலை கூட்டுவதுதான் பிழை. ஐபோன் 15இலிருந்து சுற்று எண்ணிக்கையும் தெரியும். இரண்டு வருஷம் பாவித்த போனில் 40 சுற்று என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். கடையில் போனை வயரோடு பார்க்காதீர்கள், கழற்றச் சொல்லி மேலே சொன்ன வீடியோப் பரிசோதனையைச் செய்யுங்கள். பத்து நிமிஷம் விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

வெக்கையும் கணக்கைக் குழப்பும். ஓட்டோவில் வெயில் பட்டு வந்த போனை அப்படியே சார்ஜில் போட்டு, "80க்கு மேல ஏறுதில்லை, பற்றரி போச்சு" என்று முடிவெடுக்கிறோம். சூடு கூடினால் போனே 80இல் நிறுத்தி வைக்கும், அது பாதுகாப்பு. 80 வரை மட்டும் ஏற்றும் செட்டிங்கை யாராவது போட்டுவிட்டு மறந்திருக்கவும் கூடும். 35 பாகைக்கு மேல் போன பற்றரி நிரந்தரமாகக் கொள்ளளவை இழக்கலாம் என்று அப்பிள் எச்சரிக்கிறது. மார்ச், ஏப்ரலில் கொழும்பில் நிறுத்திய காருக்குள் அதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. ஆறவிட்டு, இரவில் அளந்து பாருங்கள்.

எண்ணைச் சரியாக்க வாராவாரம் 0 வரை இறக்கி ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சதவீதம் தாறுமாறாகப் பாயும்போது ஒருமுறை அப்படிச் செய்தால் போனின் கணக்குச் சற்றுத் திருந்தலாம், செல் திருந்தாது. பழக்கமாக்கினால் தேய்வதுதான் மிச்சம்.

அம்மாவின் போனுக்கு வருகிறேன். அன்று பின்னேரம் அதன் கவரைக் கழற்றினேன், வாங்கிய நாளிலிருந்து யாரும் கழற்றியதில்லை. பின்பக்கத்தின் ஒரு ஓரம் நகம் போகும் அளவுக்குத் தூக்கியிருந்தது. மேசையில் வைத்துத் தொட்டால் ஆடியது. பற்றரி ஊதியிருந்தது, கவர் அதை இறுக்கிப் பிடித்து மறைத்திருந்தது. அந்தக் கடையிலும் கவரோடேயே பார்த்திருக்கிறார்கள். உங்கள் போனின் கவரை இப்போதே கழற்றிப் பாருங்கள். திரையோ பின்பக்கமோ தூக்கியிருந்தால் சதவீதம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை: அணையுங்கள், சார்ஜில் போடாதீர்கள், அமத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், படுக்கைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள், கழற்றியதைக் குப்பை வாளியில் போட விடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும். நாங்கள் அடுத்த நாள் காலை அப்படித்தான் கொண்டுபோனோம், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மணல் போட்டு, அதில் போனை வைத்து.