வெளிநாட்டில் சமூக வலைத்தளம் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக வலைத்தளத்தை எந்த நாட்டிலிருந்தும் நடத்தலாம் என்பது பாதி உண்மைதான். நிறுவனர் குடியிருப்பது ஒரு நாடு, கம்பெனி பதிவானது இன்னொரு நாடு, பயனர்கள் குவிவது மூன்றாவது நாடு என்று ஆவது இந்தத் தொழிலில் சகஜம். மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே இதில் இறங்குகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

விசாவிலிருந்து தொடங்கலாம். இன்ஸ்டாகிராமின் இணை நிறுவனர் மைக் கிரீகர் பிரேசில்காரர், ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். 2010இல் செயலியை உருவாக்கப் பிடித்த நேரத்தைவிட வேலை விசா கைக்கு வரப் பிடித்த நேரம்தான் அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் காத்திருந்தார். பலர் காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் எச்-1பி விசா, மனு போட்ட முதலாளியிடம் வேலை செய்வதற்கு மட்டுமே. சொந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பது வேறு, அதற்காக உழைப்பது வேறு. ‘சம்பளம் வாங்கவில்லையே’ என்ற சமாதானம் எப்போதும் எடுபடாது. குடியேற்ற வழக்கறிஞருக்குக் கொடுக்கும் ஃபீஸை முதல் செலவாகவே கணக்கில் எழுதிவிடலாம்.

அடுத்தது, பழைய முதலாளியின் உரிமை. கூகுளில் பணிபுரிந்த துருக்கியப் பொறியாளர் ஆர்குட் புயுக்கோக்டென் உருவாக்கிய ‘ஆர்குட்’ என்ற சமூக வலைத்தளம் 2004 ஜனவரியில் வெளிவந்தது. அவர் முன்பு கூட்டாகத் தொடங்கியிருந்த அஃபினிட்டி எஞ்சின்ஸ் நிறுவனம், தன்னுடைய நிரல்தான் அதில் இருக்கிறது என்று குற்றம்சாட்டி அதே ஆண்டு கூகுள் மீது வழக்குப் போட்டது. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் ஊழியருக்குச் சாதகமானதுதான். சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில் செய்ததை முதலாளி கேட்க முடியாது. ஆனால் செய்தது முதலாளியின் தொழிலோடு தொடர்புடையதாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சமூக வலைத்தள நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் இன்னொரு சமூக வலைத்தளம் கட்டினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு வேறு. யார் வருவார்கள் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, உண்மையில் வந்தவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது. கனடாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த ஜோனத்தன் ஆப்ரம்ஸ் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ்டர்’ என்ற சமூக வலைத்தளம் 2003இல் பிய்த்துக்கொண்டு வளர்ந்தது. 3 கோடி டாலர் தருகிறோம் என்று வந்த கூகுளை அவர் மறுத்தார். இன்றும் எல்லோரும் அதையே அவருடைய பெரிய பிழையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழை தளத்துக்குள் இருந்தது. யார் யாருக்கு நண்பர், அந்த நண்பருக்கு யார் நண்பர் என்ற கணக்கை ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்ட முயன்றதில் பக்கங்கள் திறக்கவே திணறின. அமெரிக்கப் பயனர்கள் பொறுமை இழந்து மைஸ்பேஸ் என்ற போட்டித் தளத்துக்குப் போனார்கள். அதே நேரத்தில் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் இருந்து பார்க்கும்போது அது விளம்பர வருமானம் தராத கூட்டம். கடைசியில் 2009இல் தளத்தை வாங்கியதே ஒரு மலேசிய நிறுவனம்தான், அதற்குள் அங்கேயும் ஃபேஸ்புக் புகுந்துவிட்டது.

ஆர்குட் கதையும் கிட்டத்தட்ட இதுதான்: அமெரிக்காவில் பிறந்து, பிரேசிலிலும் இந்தியாவிலும் வாழ்ந்த தளம். கூகுளாவது 2008இல் நிர்வாகத்தைப் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டேவுக்கு மாற்றியது, தாமதமாக என்றாலும். மூடுவிழா 2014 செப்டம்பரில்.

கூட்டம் எங்கே சேர்கிறதோ அந்த மொழி தெரிந்த, பதிவுகளைச் சரிபார்க்கும் கண்காணிப்பாளர்களும் வேண்டும். மியான்மரில் பர்மிய மொழி அறிந்தவர்களை மிகக் குறைவாக வைத்திருந்த ஃபேஸ்புக், வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018இல் ஒப்புக்கொண்டது.

பங்கு விஷயத்தில் சின்னதாக ஒன்று. அமெரிக்காவில் வரி கட்டும் நிறுவனர், காலப்போக்கில் உரிமையாகும் பங்குகளைப் பெற்றால் ‘இப்போதைய மதிப்புக்கே வரி போடுங்கள்’ என்று கேட்கும் 83(பி) படிவத்தை 30 நாளுக்குள் வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். தவறவிட்டால் நீட்டிப்பு கிடையாது. கம்பெனி வளர வளர, கையில் வராத பணத்துக்கு வரி விழும்.

கம்பெனியை வெளியே வைத்துவிட்டால் சட்டம் தொடாது என்று நம்புகிறவர்கள் டெலிகிராம் செயலியின் நிறுவனர் பாவெல் துரோவைப் பார்க்கலாம். 2014இல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பியவர், டெலிகிராமைத் துபாயில் வைத்து நடத்துகிறார். தலைமையகம் அமெரிக்காவில் இல்லாவிட்டாலும், அங்குள்ள முதலீட்டாளர்களுக்கும் கிரிப்டோ விற்றதற்காக டெலிகிராம் 2020இல் முதலீட்டாளர்களிடம் 120 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்கவும், 1.85 கோடி டாலர் அபராதம் கட்டவும் நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் அருகே லெ புர்ஜே விமான நிலையத்தில் அவரையே கைது செய்தார்கள். ஜாமீன் தொகை 50 லட்சம் யூரோ.

இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இன்னும் நேரடியானவை. 50 லட்சம் பதிவுபெற்ற பயனர்களைத் தாண்டிய தளம், இந்தியாவில் வசிக்கும் ஒருவரைத் தலைமை இணக்க அதிகாரியாக, அதாவது சட்டத்தைத் தளம் பின்பற்றுவதற்குப் பொறுப்பாளராக, நியமிக்க வேண்டும். விதிகளைத் தளம் மீறினால் வழக்கு அவர் மீதும் வரலாம். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயரைப் போட்டுவிடலாம் என்று நினைக்கிற நிறுவனர், இந்த ஒரு வரியை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்கட்டும்.