ஹிப் அப்டக்‌ஷன் மெஷின் வாங்கப் போகும் டெல்டா ஜிம்காரர்களுக்கு

உட்கார்ந்து தொடைகளை வெளிப்பக்கமாக விரிக்கும் இந்த மெஷினை விசாரிக்கும்போது பலரும் முதலில் கேட்பது, "ஸ்டாக் எத்தனை கிலோ?" என்றுதான். (ஸ்டாக் என்பது எடைத் தகடுகளின் அடுக்கு.) அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, தொடையில் படும் பேட்டைத் தாங்கும் மெஷினின் கை எந்த இடத்தில் சுழல்கிறது என்பதை.

தொடை சுழல்வது இடுப்பு மூட்டில். மெஷின் கையின் சுழல் அச்சும் ஏறக்குறைய அதற்கு நேராக இருந்தால், பேட் தொடையோடு ஒட்டியே வரும். அச்சு சீட்டின் முன்விளிம்புப் பக்கம் தள்ளிப் போயிருந்தால், காலை விரிக்க விரிக்க பேட் தொடைமேல் வழுக்கும். தோல் எரியும், முட்டியின் பக்கவாட்டில் இழுக்கும். ஷோரூமிலேயே சோதித்துவிடலாம். முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருங்கள். பேட்டின் விளிம்பு படும் இடத்தில் பேன்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முழுதாக விரித்துப் பாருங்கள். விளிம்பு கோட்டை விட்டு இரண்டு விரற்கடைக்கு மேல் நகர்ந்தால் அந்த மாடல் வேண்டாம். உயரமானவர் ஒருவர், குள்ளமானவர் ஒருவர் என்று இருவரை உட்காரவைத்துப் பார்ப்பது நல்லது. முதுகுச் சாய்மானத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால் இருவருக்கும் பொருந்தும்.

அடுத்தது, குறைந்த எடை. குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ் என்ற இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கான மெஷின் இது. நடக்கையில் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு சரியாமல் தாங்குவது இந்தத் தசைகள்தான். முட்டிவலியோடு வரும் ஐம்பது வயது அம்மாவுக்கு இது அவசியமான பயிற்சி. ஆனால் முதல் தகடே 10 கிலோ என்றால் அவருக்குச் சிரமமாக இருக்கலாம். தொடக்கம் 5 கிலோ, ஏற்றம் 5 கிலோ, உச்சம் 80 முதல் 100 கிலோ என்பது சரியான அமைப்பு. புல்லி அமைப்பைப் பொறுத்துக் கம்பெனிக்குக் கம்பெனி கனம் மாறும். ஆகவே தகட்டில் அச்சடித்த எண்ணை நம்பாமல் உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

உட்கார்ந்தபடியே இன்னொரு சோதனை. எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னை முதல் தகட்டில் குத்தி, மெதுவாக விரித்து, பாதியில் நிறுத்தி, மெதுவாகவே மூடுங்கள். மூடும்போது தகடு தயங்கித் தயங்கி இறங்கினால் உராய்வு அதிகம் என்று அர்த்தம். புல்லியில் பேரிங் இல்லாமல் வெறும் புஷ் (சாதா வளையம்) போட்டிருப்பார்கள், அல்லது தகடுகள் ஏறி இறங்கும் கம்பியான கைடு ராடு வளைந்திருக்கும். புது மெஷினிலேயே இப்படி என்றால் மழைக்காலம் வந்ததும் சுத்தமாகச் சிக்கிக்கொள்ளும்.

தொடக்க அகலத்தை மாற்றும் லெவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும். மெஷின் கைகள் முழுதாக மூடியிருக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு முஷ்டி இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது.

நம் ஊரில் பெண்கள் பேட்ச்சுக்கு வருபவர்களில் பலர் சுடிதாரில்தான் வருவார்கள். துப்பட்டா நுனி தகடுகளுக்கு இடையிலோ புல்லியிலோ மாட்டினால் ஆபத்து. ஸ்டாக்கின் முன்னும் பின்னும் மூடி இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஓடும் புல்லியைப் பெரும்பாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதற்கும் மூடி கேட்டு வாங்குங்கள்.

ஃபிரேமில் முதன்மைக் குழாய் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும். குழாயின் ரப்பர் மூடியைக் கழற்றி வெர்னியர் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் பவுடர் கோட்டிங் மட்டும் போதாது, அதற்கடியில் துத்தநாக ப்ரைமர் வேண்டும். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் உப்புக்காற்று இல்லைதான். ஆனால் உப்பேறிய போர் தண்ணீரில் தினமும் தரையைத் துடைத்தால் மெஷினின் கால் பகுதிதான் முதலில் துருப்பிடிக்கும். நாலு காலுக்கும் ரப்பர் அடி இருக்க வேண்டும், குழாய் வாய்கள் மூடியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கைடு ராடை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசி சேர்ந்து மாவாகப் படியும்.

சின்ன ஜிம் என்றால் உள்தொடைக்கும் வெளித்தொடைக்கும் சேர்த்து ஒரே மெஷின் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பேட்டைத் திருப்பினால் வேலை மாறிவிடும். திருப்பும் இடத்திலுள்ள பின் துளைகள்தான் அதில் சீக்கிரம் தேயும். துளையில் எஃகு வளையம் பதித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோ லாரியில் இறங்கும் மெஷினுக்கு உதிரி பாகம் அவசரத்துக்குக் கிடைக்காது. வாங்கும்போதே ஒரு முழு கேபிள் செட், ஒரு ஜோடி பேட், இரண்டு பின் கூடவே வாங்கி பில்லில் எழுதச் சொல்லுங்கள். கேபிள் பெரும்பாலும் அறுவது போல்ட்டில் மாட்டியிருக்கும் முனையில்தான். அங்கே நைலான் உறை விரிசல் விட்டு ஒரு கம்பி இழை வெளியே தெரிந்தாலும் அன்றே மெஷினை நிறுத்துங்கள். பைக் கிளட்ச் கேபிளைப் போட்டுச் சமாளிக்கும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். பின்னுக்குப் பதில் ஆணி குத்துவதும் அப்படியே.

வைக்கும் இடத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். கால் விரிந்த நிலையில் அகலம் 5 முதல் 6 அடி வரை போகும். டேப் பிடித்து அளந்து, இரு பக்கமும் நடக்க இடம் விடுங்கள். முக்கியமாக, ஹாலைப் பார்த்தபடி வைக்காதீர்கள். எல்லோர் முன்னும் காலை விரித்து உட்காரப் பெண்கள் கூச்சப்படுவார்கள், மெஷின் சும்மா கிடக்கும். சுவரைப் பார்த்தோ பக்கவாட்டிலோ திருப்பி வைத்தால் போதும்.