ஒரே மெமரி கார்டு, இரண்டு கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் ஒரு தை மாதக் கல்யாணம். முதல் நாள் மாலை பெண்ணழைப்பு, அப்புறம் வரவேற்பு. மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். என்னிடம் ஒரு கேமரா, உடன் வந்த தம்பியிடம் வேறு கம்பெனி கேமரா. இரவு ஒன்பதரை மணிக்கும் மேடையில் கூட்டம் குறையவில்லை. "அண்ணா, கார்டு ஃபுல்லு" என்று கீழே இருந்து கை காட்டினான். "பையில இருக்கு, எடுத்துக்கோ" என்றேன்.

அவன் கையில் கிடைத்தது, பெண்ணழைப்பை எடுத்து முடித்து நான் கழற்றி வைத்திருந்த கார்டு. கேமராவில் போட்டுப் பார்த்திருக்கிறான். திரையில் 'படம் இல்லை' என்று வந்திருக்கிறது. ஃபார்மட் செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்துவிட்டான்.

தவறு அவன்மேல் இல்லை. காலிக் கார்டையும் படம் உள்ள கார்டையும் ஒரே பையில் போட்டு வைத்தது நான். ஆனால் கேமரா ஏன் அப்படிச் சொன்னது என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. கார்டைக் கேமராவுக்குக் கேமரா மாற்றுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

எந்தக் கம்பெனி கேமராவாக இருந்தாலும், படங்களை டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள்தான் வைக்கும். அதற்குள் 100 முதல் 999 வரை ஓர் எண்ணில் தொடங்கும் ஃபோல்டர்கள் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கட்டமைப்பு பொதுவானது என்பதால் ஒரு கேமராவில் எடுத்த ஜேபெக் என்ற பொதுவான வகைப் படத்தை இன்னொரு கேமரா பல நேரம் காட்டிவிடும். கேமரா பதிவு செய்ததைப் பெரிதாக மாற்றாமல் அப்படியே வைக்கும் ரா ஃபைல் அப்படியில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் அது தனி வகை. அன்று நான் ராவில் மட்டும் எடுத்திருந்தேன். தம்பியின் கேமராவுக்கு அந்த ஃபைல்களைப் படிக்கத் தெரியாது, அதனால் படமே இல்லை என்றது. கேமரா 'படம் இல்லை' என்றால், 'எனக்குத் தெரிந்த படம் இல்லை' என்றுதான் பொருள். கார்டு காலியா என்பதை கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் உறுதி. அதற்கு நேரமில்லையென்றால், கேமரா திரையில் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும் எண்ணையாவது பாருங்கள். 64 ஜிபி கார்டுக்கு அந்த எண் வழக்கத்தைவிடப் பாதியாக இருந்தால் உள்ளே யாருடைய படமோ இருக்கிறது.

அழிப்பதும் ஃபார்மட் செய்வதும் ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. 'எல்லாவற்றையும் அழி' என்றால் கேமரா தனக்குத் தெரிந்த படங்களைத்தான் அழிக்கும். பூட்டி வைத்த படங்களையும் விட்டுவிடும். ஃபார்மட் எதையும் விடாது. பூட்டிய படம், அடுத்த கேமராவின் படம், வீடியோ எல்லாம் போய்விடும். அதற்காக ஃபார்மட்டுக்கே பயப்பட வேண்டாம். படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகு, கார்டு எந்தக் கேமராவுக்குப் போகிறதோ அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்வதுதான் நல்லது. கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள்.

இப்போது வீடியோ. ஸ்டுடியோக்களில் அதிகம் தொலைந்துபோவது இதுதான் என்பது என் அனுபவம். டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் காப்பி போட்டுவிட்டு, "டேட்டா எடுத்தாச்சு" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கேனான், நிக்கான் கேமராக்களில் சாதாரண வீடியோ பெரும்பாலும் டிசிஐஎம்முக்குள்ளேயே இருக்கும். சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் வகை வீடியோ அங்கே இருக்காது. பிரைவேட் என்ற ஃபோல்டருக்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப் என்று உள்ளே உள்ளே போனால்தான் கிடைக்கும். ஏவிசிஎச்டி முறையில் எடுக்கும் கேமராக்களிலும் வீடியோ பிரைவேட் ஃபோல்டரில்தான் போய் உட்காரும். கேனானுக்குப் பழகிய கை சோனி கார்டைக் காப்பி எடுக்கும்போது தாலிகட்டு வீடியோ முழுவதும் கார்டிலேயே தங்கிவிடும். அடுத்த ஃபார்மட்டில் அதுவும் இல்லை. எதைத் தேட வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், கார்டில் உள்ள அத்தனையையும் அப்படியே காப்பி போடுங்கள்.

காப்பி போடும் இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. இரண்டு கேமராவும் ஒரே கம்பெனி என்றால் இரண்டிலும் 0001, 0002 என்று ஒரே பெயரில் படங்கள் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது, 'மாற்றி எழுதவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டினால் முதல் கேமராவின் படம் இல்லாமல் போகும். கேமராவுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று போட்டால் இந்தப் பிரச்சினையே வராது. பல கேமராக்களில் ஃபைல் பெயரின் முன்னால் வரும் எழுத்துகளை மாற்றும் வசதியும் உண்டு. கிளம்பும்போதே இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் முன்பின் இருந்தால், வரிசைப்படுத்தும்போது மாலை மாற்றுவதற்கு முன்பே தாலி கட்டியது போல வரும். ஆல்பம் டிசைனர் பாவம்.

எண் விஷயத்தில் இன்னொன்று. வேறு கேமராவின் படங்கள் உள்ள கார்டைப் போட்டால், சில கேமராக்கள் அதிலிருக்கும் பெரிய எண்ணிலிருந்தே தொடர்ந்து எண்ணும். 999ஆம் ஃபோல்டரில் 9999ஆம் படம் வந்துவிட்டால், கார்டில் இடமிருந்தும் ஷட்டர் வேலை செய்யாது. அரிதுதான், ஆனால் மண்டபத்தில் நடந்தால் காரணம் புரியாமல் கேமரா பழுதென்று நினைத்துவிடுவோம்.

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர், பழைய கேமராவுக்காக என்னிடம் 64 ஜிபி கார்டு வாங்கிப் போனார். கேமரா ஏற்கவில்லை. கார்டில் குறையில்லை, தலைமுறைதான் வேறு. பழைய எஸ்டி கார்டு 2 ஜிபி வரை. 2006இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை. அதற்கு மேலே 2 டிபி வரை உள்ளவை 2009இல் அறிவித்த எஸ்டிஎக்ஸ்சி வகை. புதிய கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமரா புதிய கார்டைப் படிக்காது. பழைய கார்டு ரீடருக்கும் இதே கதைதான். அதில் புதிய வகைக் கார்டைப் போட்டதும் 'பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கம்ப்யூட்டர் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள், படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

வேகத்துக்கு வந்தால், கார்டின்மேல் பெரிதாக அச்சடித்த எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அதைக் காட்டும் குறியும் கார்டின்மேலேயே இருக்கும்: சி10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி, வி30 என்றால் 30 எம்பி. பழைய கேமராவில் நன்றாக ஓடிய சி10 கார்டைப் புதிய கேமராவில் போட்டு எருது விடும் விழாவுக்குப் போனால், காளை சீறி வரும் நேரத்தில் கேமரா எழுதி முடியாமல் நின்றுவிடலாம்.

ஒகேனக்கல் அவுட்டோர் ஷூட்டில், ஓடும் பரிசலில் வைத்துக் கார்டு மாற்ற வேண்டாம். சாரலும் ஈரக்கையும் கார்டுக்கு ஆகாது. கரைக்கு வந்து, கையைத் துடைத்து, கேமராவின் சிறு விளக்கு அணைந்த பிறகே கழற்றுங்கள். விளக்கு எரிகிறதென்றால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. எடுத்து முடித்த கார்டின் பக்கவாட்டுப் பூட்டை உடனே கீழே தள்ளிவிடுங்கள். அப்புறம் எந்தக் கேமராவில் போட்டாலும் ஃபார்மட் ஆகாது. அன்று நான் அதைச் செய்திருந்தால் போதும்.

அந்த இரவு, விஷயம் தெரிந்ததும் கார்டைக் கழற்றித் தனியாக வைத்தோம். அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தோம். சாதாரண ஃபார்மட், கார்டில் உள்ள பட்டியலை மட்டும்தான் துடைக்கும். புதிதாக எதுவும் மேலே எழுதாதவரை படங்கள் உள்ளே இருக்கும். சில கேமராக்களில் உள்ள முழு ஃபார்மட்டில் அந்த வாய்ப்பு இல்லை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் போட்டபோது பெயரில்லாமல், எண்களாகப் படங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் எடுத்த நேரம் பதிவாகி இருந்ததால் வரிசைப்படுத்த முடிந்தது. தம்பி மேலே எடுத்த நாற்பது படங்கள் கார்டின் தொடக்கத்தில் போய் விழுந்திருந்தன. அங்கே இருந்தது பெண்ணின் பாட்டி ஆரத்தி எடுத்தது. மறுநாள் காலை பாட்டியிடம் நானே போய்ச் சொன்னேன். வீடியோவில் அந்த நேரம் கிடைத்தது. அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்து ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் வைத்தோம்.