உங்கள் தெருவில் ‘பெரியவர்கள் நாள்’ நடத்துவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

முதியோர் தினம் என்றாலே நமக்கு ஒரு வடிவம் பழகிவிட்டது. மேடை, ஃபிளெக்ஸ் பேனர், தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர், வரிசையாகப் பொன்னாடை. கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கைதட்டுபவர்கள் யார் என்று பார்த்தால், விழாவுக்கு உரிய அதே பெரியவர்கள்தான். இதைத் தலைகீழாக மாற்றிச் செய்யலாம். அவர்கள் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும். ஒரு தெருவிலோ சின்ன குடியிருப்பிலோ முப்பது, நாற்பது பெரியவர்களை வைத்து அப்படி நடத்துவதற்கான வழிமுறை இது.

படி 1: நாள் குறிப்பது

ஐ.நா. பொதுச்சபை 1990 டிசம்பரில் எடுத்த முடிவின்படி, 1991 முதல் அக்டோபர் 1 உலக முதியோர் நாள். ஆனால் அது பெரும்பாலும் வேலை நாளில் வரும். அடுத்த நாள் காந்தி ஜெயந்தி, எல்லோருக்கும் விடுமுறை. பேரப்பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் நகரங்களில் அதுவே வசதி. கிராமமாக இருந்தால் அன்று கிராம சபைக் கூட்டம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் சரிதான். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். புரட்டாசி சனி, பாதிப் பேர் பெருமாள் கோயிலில் இருப்பார்கள்.

காலை பத்து மணிக்குத் தொடங்கி, மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். அந்த மாதத்தில் சாயங்காலம் இடி மழை வரலாம். தவிர, இருட்டிய பிறகு வீடு திரும்புவது பலருக்குச் சிரமம்.

படி 2: வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பது

இதுதான் அடிப்படை வேலை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் மகனும் மருமகளும் படிப்பார்கள், பெரியவருக்குப் போய்ச் சேராது. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒரு நோட்டில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், தெருவில் அவரை எப்படி அழைப்பார்கள், என்ன வேலை பார்த்தார், எப்போது இந்தத் தெருவுக்கு வந்தார், காது கேட்குமா, படி ஏற முடியுமா, சர்க்கரையோ உப்போ தவிர்க்கிறாரா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்.

வயதைக் கேட்கும்போது ஆதாரை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குப் பிறந்த தேதி. “தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ நீங்க எவ்ளோ பெருசு?”, “அண்ணா இறந்தப்போ கல்யாணம் ஆகிடுச்சா?” என்று கேளுங்கள். புயல் 1964, அண்ணா மறைந்தது 1969. கணக்கு தானே வந்துவிடும், கூடவே ஒரு கதையும் வரும். அந்தக் கதையையும் நோட்டில் குறித்து வையுங்கள், விழாவில் உதவும்.

சொந்த வீட்டுக்காரர்களோடு பட்டியலை நிறுத்திவிடாதீர்கள். முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தாத்தா, பூ கட்டும் ஆயா, இரவு வாட்ச்மேன் இவர்களும் தெருவின் பெரியவர்கள்தான். அவர்களை உதவிக்கு அழைக்காமல் விருந்தாளியாக அழையுங்கள்.

படி 3: இடம்

சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், பள்ளி வகுப்பறை எதுவானாலும் மூன்று விஷயங்கள் பார்த்தால் போதும். தரைத்தளமாக இருக்க வேண்டும். மேற்கத்திய பாணிக் கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்லா நாற்காலிக்கும் கைப்பிடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுந்திருக்க ஆள் தேட வேண்டிவரும். தெருவிலேயே ஷாமியானா போடுவதானால் ஒலிபெருக்கிக்கும் போக்குவரத்துக்கும் முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

மேடை வேண்டாம். நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள்.

படி 4: நிகழ்ச்சி

வரவேற்பில் ஒரு கவனம் தேவை. சந்தனம், குங்குமம், பூத் தட்டை நீட்டும்போது கணவரை இழந்த பெண்களைத் தாண்டிப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே தட்டை நீட்டுங்கள், எடுப்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அது நடக்காது என்று தோன்றினால் தட்டையே வைக்காதீர்கள், ஆளுக்கொரு ரோஜா கொடுத்துவிடலாம்.

முக்கிய நிகழ்ச்சியாக நான் சொல்வது தெரு வரைபடம். நான்கு சார்ட் தாள்களை ஒட்டி, தெருவின் கோட்டை மட்டும் வரைந்து சுவரில் மாட்டுங்கள். மேலே ‘1975-இல் நம்ம தெரு’ என்று எழுதுங்கள். மற்றதை அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். பொதுக் கிணறு எங்கே இருந்தது, முதலில் கரண்ட் எந்த வீட்டுக்கு வந்தது, யார் வீட்டு ரேடியோவுக்குக் கூட்டம் கூடியது, புளியமரத்தை யார் வெட்டினார்கள். கட்டாயம் சண்டை வரும். “கிணறு அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம்!” வரட்டும், விழா களைகட்டுவது அப்போதுதான். “இளைஞர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

மைக் விஷயத்தில் ஒரு தந்திரம். சிலர் வாங்கினால் திருப்பித் தர மாட்டார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள். பள்ளிப் பிள்ளை ஒருவரிடம் மைக்கைக் கொடுத்து, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க வையுங்கள். மைக் பிள்ளையின் கையிலேயே இருக்கும், இரண்டு சிக்கலும் தீர்ந்தது. பின்னணியில் பாட்டுப் போடாதீர்கள். காது மந்தமானவர்களுக்குப் பேச்சும் பாட்டும் கலந்து இரைச்சலாகத்தான் கேட்கும்.

இடையில் தாயம், பல்லாங்குழிக்கு இரண்டு மேசை. அரசியல்வாதியை அழைத்தே ஆக வேண்டிய நிலை என்றால் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள், பந்தி பரிமாறட்டும்.

மருத்துவ முகாமையும் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ரத்த அழுத்தம் பார்க்க வரிசை நின்றுவிட்டால் எல்லோரும் நோயாளிகளாகிவிடுவார்கள். அதற்குப் பதில் செல்போன் தெரிந்த இளைஞர் ஒருவரை மூலையில் உட்கார வையுங்கள். 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே ஆயுள் சான்றிதழ் கொடுக்கலாம், அதைச் செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துக்கொடுக்க முடியும். முதியோர் உதவி எண் 14567-ஐ எல்லோருடைய போனிலும் பதிந்து தரலாம்.

படி 5: சாப்பாடு

புரட்டாசி என்பதால் சைவமா அசைவமா என்ற கேள்வியே இல்லை. குழைந்த சோறு, கீரை மசியல், காரம் குறைந்த சாம்பார், ரசம், மோர். வடை வேண்டுமென்றால் தயிர் வடையாகப் போடுங்கள், பல் இல்லாதவரும் சாப்பிடலாம். பாயசத்தைச் சின்ன டம்ளரில் வையுங்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்குத் தனி வரிசை போட்டு அம்பலப்படுத்த வேண்டாம். மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள், பந்தி பன்னிரண்டரையைத் தாண்டக் கூடாது.

படி 6: பரிசு

பொன்னாடை வேண்டாம், அது பீரோவில் போய்த் தூங்கும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொருவரையும் படம் எடுத்துப் பெரிதாக அச்சிட்டுக் கொடுங்கள். “மாலை போடுறதுக்கு ஒரு நல்ல படம் கிடைச்சிருச்சு” என்று யாராவது ஒரு தாத்தா நிச்சயம் ஜோக் அடிப்பார், வீட்டுக்காரர்கள் முகம் மாறும். நீங்கள் சிரித்துவிடுங்கள்.

படி 7: விழாவுக்குப் பிறகு

படுக்கையில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோங்கள், வரைபடத்தையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர்களும் ஒரு திருத்தம் சொல்வார்கள். படங்களை ஒரு வாரத்துக்குள் நேரில் கொடுத்து முடியுங்கள்.

அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து வடகிழக்குப் பருவமழை வருகிறது. தனியாக இருப்பவர் யார், படி இறங்க முடியாதவர் யார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரின் எண்ணை எழுதி, தண்ணீர் ஏறினாலோ கரண்ட் போனாலோ யார் எந்தக் கதவைத் தட்டுவது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள்.