பாத் நகரத்துக் கல் வீடு: வாசலில் நின்றே வயது பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தில் பாத் நகரத்து ராயல் கிரெசன்ட்தான் பழகிக்கொள்ள நல்ல இடம். இளைய ஜான் உட் வடிவமைத்த பிறை வடிவத் தெரு. 1767-இல் வேலை தொடங்கியது. 30 வீடுகள், 114 அயோனிக் தூண்கள் (உச்சியில் இருபுறமும் சுருள் வேலைப்பாடு உள்ளவை). கையில் ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் போதும். போன் ஜூமை நம்பாதீர்கள். கல் இணைப்பெல்லாம் குழம்பிவிடும்.

படி 1: வாசல் கம்பி வேலிக்குள் எட்டிப் பாருங்கள். தெருவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். அதை ‘ஏரியா’ என்பார்கள். நிலத்தடிச் சமையலறைக்கு வெளிச்சம் அதன் வழியாகத்தான். நிலக்கரி அறையோ நடைபாதைக்கு அடியில்.

படி 2: தலையை உயர்த்துங்கள். தரைத்தளம் மொட்டையாக இருக்கும். தூண்கள் முதல் மாடியில் தொடங்கி இரண்டு மாடி உயரத்துக்குப் போகும். விருந்தினர் கூடம் முதல் மாடியில். அதற்கு மேல் படுக்கையறைகள், கூரைக்குள் வேலைக்காரர்கள்.

படி 3: ஜன்னல். நான் சறுக்கியது இங்கேதான். ஒரு வீட்டில், மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் ஏறி இறங்கும் ஜன்னலின் மேல்சட்டத்துக்கு அடியில், இரு ஓரத்திலும் கொம்பு மாதிரி மரத்துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொம்பு விக்டோரியா ராணி காலத்தில்தான் (1837–1901) பரவலானது. பெரிய கண்ணாடியின் கனத்தைத் தாங்க சட்டத்தின் மூலை இணைப்புக்கு வலு வேண்டியிருந்தது. ஆகவே வீடும் அந்தக் காலத்துதான் என்று கூட வந்தவர்களிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். தப்பு! வீடு 18-ஆம் நூற்றாண்டு, ஜன்னல் மட்டும் பிறகு மாற்றியது. முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே விளிம்பாக இருக்கும் கல்லையும் பாருங்கள். பல வீடுகளில் பிற்காலத்தில் அதைக் கீழே இறக்கி ஜன்னலை நீட்டிவிட்டார்கள். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் 1-ஆம் எண் வீட்டில் பழைய உயரத்துக்கே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். அதையும் மற்ற வீடுகளையும் மாறி மாறிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஜன்னல் சொல்வது ஜன்னலின் வயதைத்தான்.

படி 4: கல். தேன் நிறச் சுண்ணாம்புக்கல். புதிதாக வெட்டும்போது மிருதுவாக இருக்கும். முன்சுவரில் இழைத்த கற்கள், நடுவே கோடு போட்ட மாதிரி மெல்லிய சாந்து. கறுப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது நிலக்கரிப் புகை. அதை வைத்து வயது சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை: “எல்லா வீடும் ஒரே மாதிரிதானே, எதற்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முகப்பு மட்டும்தான் உட் வகுத்தது. அதற்குப் பின்னால் அவரவர் ஆளை வைத்து வசதிப்படி கட்டிக்கொண்டார்கள். அப்படியே நடந்து பின்பக்கம் போங்கள். ஒரு வீடு முன்தள்ளி நிற்கும், பக்கத்து வீடு உள்வாங்கியிருக்கும், கூரை உயரம்கூட ஒத்துப்போகாது. சரி, அங்கே பைனாகுலரை உள்ளே வைத்துவிடுங்கள். ஆள் குடியிருக்கும் வீடுகள்.